படம் போனது, குரல் மிஞ்சியது

1968ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. இங்கிலாந்துக் கடற்கரையில் எரிவாயுக் குழாய் ஒன்றுக்குள்ளிருந்து இதயம் துடிப்பதுபோல் ஒரு சத்தம் வருகிறது. கடலடியிலிருந்து எழும் பாசி ஒன்று நுரையோடு பொங்கிவந்து, மனிதர்களை ஒவ்வொருவராகத் தன்வசப்படுத்துகிறது. பிபிசியின் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில் வந்த 'ஃபியூரி ஃப்ரம் த டீப்' என்ற ஆறு பகுதிக் கதை இது. அந்த ஆறில் ஒன்றைக்கூட அன்று வந்தபடியே இன்று முழுதாகப் பார்க்க முடியாது. ஆனால் ஆறையும் முழுதாகக் கேட்கலாம். அதிலும் எந்தக் குரலில் கேட்பது என்று தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். டாம் பேக்கர் கதை சொல்லும் 1993 கேசட் இருக்கிறது. ஃப்ரேஸர் ஹைன்ஸ் கதை சொல்லும் 2004 குறுந்தகடும் இருக்கிறது.

வானொலி கேட்டு வளர்ந்த தமிழர்கள் இதைப் பார்த்ததும் 'ஓ, ஒலிச்சித்திரமா!' என்பார்கள். ஏறக்குறைய அதுதான். நம் ஒலிச்சித்திரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் படம் எங்காவது ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கும். இங்கே பெட்டி காலி. படம் எப்படிப் போனது, குரல் மட்டும் எப்படித் தங்கியது என்று தேடிப்போனால், முதல் தடயம் ஒரு சிகரெட் நுனியில் கிடைக்கிறது.

1920களில் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் ஃப்ரிட்ஸ் ஃப்ளாய்மர் என்றொரு பொறியாளர் இருந்தார். சீமான்கள் புகைத்த சிகரெட்டுகளின் நுனியில் அப்போது தங்க நிறப் பட்டை இருக்கும். அதை மலிவாகவும் உதட்டில் ஒட்டாமலும் செய்வதற்கு, உலோகப் பொடியைக் காகிதத்தில் பூசும் வித்தையை ஃப்ளாய்மர் கண்டுபிடித்தார். பிறகு அவர் யோசனை வேறு பக்கம் திரும்பியது. ஒலியைக் காந்தமாக்கி எஃகுக் கம்பியில் பதியலாம் என்று டென்மார்க்கின் வால்டெமார் போல்சென் 1898இலேயே காட்டியிருந்தார். கம்பி கனமானது, சிக்கிக்கொள்வது. இரும்புப் பொடி பூசிய காகிதப் பட்டையிலேயே பதிந்தால் என்ன? 1928இல் ஃப்ளாய்மர் காப்புரிமை பெற்றார். அறுந்தால் பசை வைத்து ஒட்டலாம். வேண்டாமென்றால் அழித்துவிட்டு மறுபடி பதியலாம். இந்த இரண்டு வசதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் நல்லது கெட்டது எல்லாம் இவற்றிலிருந்துதான் வருகின்றன.

அந்த உரிமையை ஏஇஜி நிறுவனம் வாங்கியது. நாடாவை பிஏஎஸ்எஃப் தயாரித்தது. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மேக்னடோஃபோன்' என்ற பெயரில் அந்தக் கருவி மேடையேறியது. போர் வந்தபின் ஜெர்மனியில் அதை எந்த அளவுக்கு மேம்படுத்தினார்கள் என்பது வெளியுலகுக்குத் தெரியவில்லை. 1945இல் ஜாக் மல்லின் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் பாட் நௌஹைம் என்ற ஊரின் வானொலி நிலையத்தில் அதைக் கேட்டு அசந்துபோனார். நேரடி நிகழ்ச்சிக்கும் பதிவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டு கருவிகளையும் ஐம்பது ரீல் நாடாவையும் ஊருக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே அதற்காகவே தவம் கிடந்தவர்போல் ஒருவர் இருந்தார். பாடகர் பிங் கிராஸ்பிக்கு வாராவாரம் குறித்த நேரத்தில் வானொலி நிலையத்துக்கு ஓடிவந்து நேரடியாக நிகழ்ச்சி நடத்துவது பிடிக்கவில்லை. பதிவுசெய்து கொடுத்துவிட்டால் தன் பாட்டுக்கு கோல்ஃப் ஆடப் போகலாமே! 1947இல் மல்லின் கருவியை இயக்கிக் காட்டியதும் கிராஸ்பி மயங்கிவிட்டார். கலிபோர்னியாவின் ஆம்பெக்ஸ் என்ற சின்ன நிறுவனத்துக்கு 50,000 டாலர் கொடுத்து, ஜெர்மன் கருவியைப் பார்த்து அதேபோல் செய்யச் சொன்னார். 1948இல் 'ஆம்பெக்ஸ் 200' வெளிவந்தது. ஒரு பாடகரின் சோம்பலும் ஒரு நகலும் சேர்ந்து அமெரிக்க வானொலியையே மாற்றிவிட்டன.

ஒலியைப் பதிந்த நாடாவில் படத்தையும் பதிய முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. பிபிசி தானே ஒரு கருவியைச் செய்து பார்த்தது. 'வேரா' என்று பெயரிட்டு 1958இல் பார்வையாளர்களுக்குக் காட்டவும் செய்தது. அதில் நாடா விநாடிக்கு 200 அங்குல வேகத்தில், அதாவது ஐந்து மீட்டருக்கும் மேல், பறந்தது. இருபது அங்குலச் சக்கரத்தில் கால் மணி நேரப் படம்தான் பிடிக்கும். ஆம்பெக்ஸ் அதற்குள் முந்திவிட்டது. சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் ஒரு குழு, பதியும் தலையையே சுழலவைத்து, இரண்டங்குல அகல நாடாவில் விநாடிக்குப் பதினைந்து அங்குல வேகத்தில் அதே வேலையை 1956இலேயே முடித்திருந்தது. (அந்தக் குழுவின் இளைஞர் ரே டால்பியின் பெயரைப் பிறகு கேசட் உறைகள்தோறும் உலகம் பார்த்தது.) பிபிசி வேராவை ஓரங்கட்டிவிட்டு ஆம்பெக்ஸை வாங்கியது. அந்த இரண்டங்குல நாடாதான் 'டாக்டர் ஹூ'வின் தொட்டில். பாடை கட்டியதும் அதே நாடாதான்.

1963ஐ இந்த வரலாற்றின் நடு முடிச்சு என்று சொல்லலாம். அந்த ஆகஸ்டு மாதம் அதே பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் சட்டைப்பையில் அடங்கும் கேசட்டை அறிமுகப்படுத்தியது. நவம்பர் 23 அன்று லண்டனில் 'டாக்டர் ஹூ' தொடங்கியது. முதல்நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டிருந்தார். நாடே செய்தியில் மூழ்கியிருந்ததால் அடுத்த வாரம் முதல் பகுதியை மறுபடி ஒளிபரப்பிவிட்டுத்தான் இரண்டாவதைக் காட்டினார்கள். அந்த முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர். உடம்பைச் சிலிர்க்கவைக்கும் அந்தத் தலைப்பிசையை ரான் கிரைனர் எழுத, பிபிசியின் ஒலிப் பட்டறையில் டெலியா டெர்பிஷயர் அதை உருவாக்கினார். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக நாடாவில் பதிந்து, பிளேடால் நறுக்கி, ஒட்டி ஒட்டிச் செய்தார். அறுத்தால் ஒட்டலாம் என்ற ஃப்ளாய்மரின் முதல் வசதி இப்படி இசையானது. இரண்டாவது வசதி மெல்லத் தன் முறைக்காகக் காத்திருந்தது.

நாடா விலை அதிகம். ஒருமுறை ஒளிபரப்பியதை மறுபடி காட்ட வேண்டுமானால் நடிகர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் குறுக்கே நின்றது; பழையதையே போட்டுக்கொண்டிருந்தால் புது வேலை குறையும் என்பது அவர்கள் கவலை. வீட்டில் வைத்துப் பார்க்கும் வீடியோ என்ற எண்ணமே அப்போது கிடையாது. பயன் முடிந்த நாடாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அழித்து அடுத்த நிகழ்ச்சிக்குக் கொடுத்தார்கள். 'த ஹைலேண்டர்ஸ்' கதையின் கடைசிப் பகுதி 1967 ஜனவரி 7 அன்று ஒளிபரப்பானது. மார்ச் 9 அன்று மூல நாடாக்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இரண்டே மாதம்! இப்படித் தொடங்கிய அழிப்பில், அறுபதுகளின் மூல நாடாக்களில் கடைசியாகப் போனது, 1974இல், நம் கடற்பாசிக் கதை.

இருந்தாலும் கதை அத்தோடு முடியவில்லை. நாடாவை அழிக்கும் முன் திரை எதிரே படக்கருவியை வைத்து 16 மில்லிமீட்டர் சுருளில் நகல் எடுத்திருந்தார்கள், வெளிநாடுகளுக்கு விற்பதற்காக. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங், சிங்கப்பூர், சைப்ரஸ், நைஜீரியா, ஜாம்பியா என்று அந்தப் பெட்டிகள் சுற்றின. ஒரு நாடு பார்த்து முடித்ததும் அடுத்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும். கடைசியில் பார்த்தவர் திருப்பி அனுப்பலாம், அல்லது அழித்துவிட்டோம் என்று சான்றிதழ் கொடுத்துவிடலாம். திரும்பி வந்தவற்றுக்கும் நல்ல கதி கிடைக்கவில்லை. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளையை யார் வாங்குவார்? 1972 முதல் 1978 வரை பிபிசியின் விற்பனைப் பிரிவு அந்தச் சுருள்களைத் தூக்கி எறிந்தது. நூலகம் ஒரு பிரதி வைத்திருக்கும் என்று விற்பனைப் பிரிவு நினைத்தது. விற்பனைப் பிரிவுதான் வைத்திருக்கும் என்று நூலகம் நினைத்தது. இரண்டு மருமகளும் மற்றவள் அடுப்பைப் பார்த்துக்கொள்வாள் என்று இருந்த வீட்டில் பால் பொங்கி வழிந்த கதைதான்.

1978இல் இயன் லெவின் என்ற ரசிகர் குப்பைக்குப் போகக் கட்டிவைத்திருந்த, 'டாலெக்' என்ற வில்லன்கள் முதலில் வந்த கதையின் சுருள்களைத் தடுத்து நிறுத்தினார். அதே காலத்தில் பிபிசி தன் காப்பகத்துக்குத் தேர்வாளராக சூ மால்டனை நியமித்தது. அழிப்பு நின்றது. ஆனால் முதல் ஆறு ஆண்டுகளின் 253 பகுதிகளில் பெரும் ஓட்டை விழுந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் சிறுவர்களும் இளைஞர்களும் கதைக்குள் வருகிறார்கள். 1960களின் சனிக்கிழமை மாலைகளில், ஒருவரையொருவர் அறியாமல், பிரிட்டனின் சில வீடுகளில் ஒரே வேலை நடந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியின் ஒலிபெருக்கி எதிரே மைக்கை நிறுத்தி, 'அரை மணி நேரம் யாரும் பேசக் கூடாது' என்று வீட்டாரை மிரட்டிவிட்டு, ரீல் டேப் ரெக்கார்டரைச் சுழலவிட்டார்கள். ஒருவர் ஒரு படி மேலே போய், தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து, அதன் ஒலிச்சுற்றிலேயே ஒயரைப் பற்றவைத்து நேராகப் பதிந்தார். மைக்கே இல்லாததால் நாய் குரைப்பும் தட்டு விழும் சத்தமும் அதில் கிடையாது. படத்தைப் பிடிக்க வசதியில்லாததால்தான் இவர்கள் ஒலியைப் பிடித்தார்கள். பிபிசியிடம் இருந்த அதே காந்த நாடா, அதே அழித்துப் பதியும் வசதி, இவர்கள் கையிலும் இருந்தது. இவர்களுக்கும் நாடா விலை உறுத்தியிருக்கும். ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை.

விளைவு, காணாமல்போன ஒவ்வொரு பகுதிக்கும் ஒலி இருக்கிறது. ஒன்றுகூட விடுபடவில்லை.

படத்துக்கும் இதுபோல் சில துணுக்குக் காவலர்கள் இருந்தார்கள். ஜான் கியூரா என்ற புகைப்படக்காரர் தொலைக்காட்சித் திரையை இடைவிட்டு இடைவிட்டுப் படமெடுத்து நடிகர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் விற்றுப் பிழைத்தார். ஒரு பகுதிக்கு அறுபது, எழுபது படங்கள். பிபிசியின் எழுத்துக் காப்பகத்தில் அவற்றில் ஒரு பெருங்குவியல் பின்னாளில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் யாரோ ஒருவர் எட்டு மில்லிமீட்டர் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து ஒலியில்லாத துண்டுகளை எடுத்துவைத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்களும் இந்தப் புண்ணியத்தில் பங்காளிகள். குழந்தைகள் பயப்படுவார்கள் என்று அவர்கள் வெட்டிய துண்டுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் ஒழுங்காகக் கிடந்தன. 1996இல் வெளியே வந்தன. படம் போய்விட்டது, பார்க்கக் கூடாது என்று வெட்டியது மட்டும் பார்க்கக் கிடைக்கிறது.

ஒலியை விற்பனைச் சரக்காக்கும் முயற்சி இதற்கெல்லாம் முன்பே தொடங்கிவிட்டது. டாலெக் மோகம் உச்சத்தில் இருந்தபோது, 'த சேஸ்' கதையின் கடைசிப் பகுதியைச் சுருக்கி, கதைசொல்லியின் குரலைச் சேர்த்து, 1966இல் ஒரு சிறிய இசைத்தட்டு வந்தது. 1976இல் ஒலிக்காகவே எழுதிய முதல் 'டாக்டர் ஹூ' நாடகம், 'த பெஸ்கட்டான்ஸ்', டாம் பேக்கர் நடிப்பில் இசைத்தட்டாக வெளிவந்தது. எழுதியவர் விக்டர் பெம்பர்டன். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

இதற்கிடையில் ரசிகர்களின் நாடாக்கள் கைமாறின. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு. ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் ஏறி, வசனம் மங்கி, கடைசியில் டாலெக் பேசுகிறதா, மழை பெய்கிறதா என்று தெரியாத அளவுக்குப் போகும். 1992இல் பிபிசியே இறங்கி வந்தது. தான் அழித்ததை ரசிகரிடம் கடன் வாங்கி, தன் முத்திரையோடு கேசட்டாக விற்றது. முதலில் வந்தவை 'த ஈவில் ஆஃப் த டாலெக்ஸ்', 'த மாக்ரா டெரர்'. வசனமில்லாத காட்சியில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு குரல் வேண்டுமே? பின்னாளில் டாக்டராக நடித்த டாம் பேக்கரையும் காலின் பேக்கரையும் அழைத்து, முன்னாள் டாக்டரின் கதையைச் சொல்லவைத்தார்கள்.

1999 முதல் குறுந்தகடுகள் வந்தபோது அணுகுமுறை மாறியது. மார்க் அயர்ஸ் என்ற ஒலிப்பொறியாளர் பல ரசிகர்களின் பதிவுகளை ஒப்பிட்டு, ஒவ்வொரு நொடிக்கும் நல்லதைத் தேர்ந்து, இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்தார். கதை சொல்லும் பொறுப்பு, அந்தக் கதையில் டாக்டரின் தோழராக நடித்தவர்களிடமே போனது. பீட்டர் பர்வ்ஸ், அன்னெக் வில்ஸ், ஃப்ரேஸர் ஹைன்ஸ் என்று பலரும், முப்பது நாற்பது ஆண்டு மூத்த குரலில், தங்கள் இளம் குரலுக்கு நடுவே வந்து பேசினார்கள்.

சுருள்களும் அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டுதான் இருந்தன. 1983இல் லண்டனில் மார்மன் தேவாலயம் ஒன்றின் நிலவறையில் இரண்டு பகுதிகள் கிடைத்தன. 1991இல் ஹாங்காங்கிலிருந்து 'த டூம் ஆஃப் த சைபர்மென்' நான்கு பகுதிகளும் வந்துசேர்ந்தன. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எண்பதுகளில் பள்ளி விழாக் கடையில் வாங்கிவைத்திருந்த சுருள்களில் இரண்டு பகுதிகள் இருந்தது 2011இல் தெரியவந்தது. 2013இல் ஃபிலிப் மாரிஸ் என்பவர் நைஜீரியாவின் ஜாஸ் நகரத்து அஞ்சல் நிலையம் ஒன்றின் அலமாரியிலிருந்து ஒன்பது பகுதிகளை மீட்டார். 'அஞ்சல்' என்றதும் தபால் என்று எண்ணிவிடாதீர்கள்; தொலைக்காட்சி அஞ்சல் நிலையம். அந்த மீட்புக்குப் பிறகு காணாமல்போனவை 97 என்று கணக்கு வைத்தார்கள்.

கிடைக்காதவற்றுக்கு ஓவியர்கள் வந்தார்கள். 2006இல் 'த இன்வேஷன்' கதையின் விடுபட்ட இரண்டு பகுதிகளை ரசிகர் பதிவின் ஒலியை வைத்துக்கொண்டு கேலிச்சித்திரப் பாணியில் வரைந்து ஓடவிட்டார்கள். 2016 நவம்பர் 5 அன்று, முதலில் ஒளிபரப்பாகிச் சரியாக ஐம்பதாம் ஆண்டு நாளில், 'த பவர் ஆஃப் த டாலெக்ஸ்' ஆறு பகுதிகளும் அசையும் ஓவியமாகத் திரும்பத் தொடங்கின. ஓவியப் படங்களில் பெரும்பாலும் அப்போதுதான் குரலைப் பதிந்துகொண்டு, அதற்கேற்ப வரைவார்கள். இங்கே ஐம்பது ஆண்டு முந்தைய ஒலிக்குப் படம் சேர்த்தார்கள்.

சரி, புதிதாகக் கேட்க வருகிறவர் எதை எடுப்பது? என் வழி இது. வசனத்தால் நகரும் கதையானால் ஒலியே போதும். 'மார்க்கோ போலோ'வில் மார்க்கோ போலோவே வரைபடத்தைக் காட்டித் தன் நாட்குறிப்பை வாசிப்பார். வாரிஸ் ஹுசைன் பெரும்பகுதி இயக்கிய அந்த ஏழு பகுதிகளும் பிறக்கும்போதே பாதி ஒலிச்சித்திரம். அதில் தோழராக நடித்த வில்லியம் ரஸ்ஸல் சொல்லும் 2003 பதிப்பு கைக்கு அடக்கம். பாரிஸில் 1572இல் நடக்கும் 'த மசாக்கர்' கதையில், அப்போது டாக்டராக நடித்த ஹார்ட்னெலுக்கு இரட்டை வேடம். முகம் ஒன்றாக இருப்பதுதான் கதையின் முடிச்சு, அதைக் காதால் பார்க்க முடியாது. அங்கே பர்வ்ஸின் துணை தேவை. பொம்மைகளும் விளையாட்டுகளுமாக நகரும் 'த செலஸ்டியல் டாய்மேக்கர்' போன்றவற்றை விளக்கக் குரல் இல்லாமல் தொடவே வேண்டாம். மாறாக, யாரும் குறுக்கே பேசாமல் அந்த மாலையை அப்படியே கேட்க ஆசையானால், 2004இல் வந்த 'லாஸ்ட் இன் டைம்' டிவிடியில் 'த குருசேட்', 'த மூன்பேஸ்' கதைகளின் விடுபட்ட பகுதிகள் வெறும் ஒலியாக இருக்கின்றன.

நம் கடற்பாசிக் கதைக்கு வருவோம். டாம் பேக்கரின் கேசட்டில் குரல் கம்பீரம். ஆனால் அவர் அந்தக் கடற்கரைக்கு வந்தவர் அல்லர். ஹைன்ஸ் அங்கே ஜேமியாக நின்றவர். நான் ஹைன்ஸ் பக்கம். இதை எழுதிய விக்டர் பெம்பர்டனிடம் கேட்டால் எந்தப் பதிப்பானாலும் சம்மதித்திருப்பார். ஏனென்றால் இதன் வித்து வானொலியில் விழுந்தது. 'டாக்டர் ஹூ' அலுவலகம் வேண்டாம் என்று திருப்பிய ஒரு கதையை அவர் 1966இல் 'த ஸ்லைடு' என்ற பிபிசி வானொலித் தொடராக்கினார். அதன் சரடுகளை எடுத்துத்தான் கடற்பாசியை முளைக்கவிட்டார். காதுக்காகப் பிறந்த கதை கண்ணுக்குப் போய், மறுபடி காதுக்கே வந்துசேர்ந்தது.

அதில் டாக்டர் முதன்முறையாக ஒரு சின்னக் கருவியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கிறார். ஒலியால் திருகாணியைக் கழற்றும் திருப்புளி. இன்று அந்தத் தொடரின் அடையாளமே அதுதான். அது அறிமுகமான மூலக் காட்சி ஓடும் படமாக இல்லை; ஒலியாக இருக்கிறது. கடைசிப் பகுதியில் கடற்பாசியை வெல்ல எந்த ஆயுதமும் உதவாமல் போக, டாக்டரின் தோழி விக்டோரியாவின் அலறலைப் பெருக்கிக் குழாய்களுக்குள் பாய்ச்சுகிறார்கள். பாசி அந்தச் சத்தம் தாங்காமல் சாகிறது. விக்டோரியாவாக நடித்த டெபோரா வாட்லிங்குக்கு அதுவே கடைசிக் கதை. அவர் அலறிய படத்தை 1974இல் அழித்துவிட்டார்கள். அலறல் இன்னும் கேட்கிறது.